பின்படிக்கட்டுப் பூட்டு

ஒரு வழக்கைச் சொல்கிறேன். கோபப்படாமல் சொல்ல என்னால் முடியவில்லை. கோபப்படாமல் கேட்க உங்களால் முடிகிறதா, பார்ப்போம்.

செங்கழனிப் பேரூராட்சியில் சொர்ணவேலுக்கு ஒரு கல்யாண மண்டபம் உண்டு. மாடியில் மணமேடையும் சாப்பாட்டுக் கூடமும். கீழே சமையற்கட்டு, வரிசையாக கேஸ் சிலிண்டர்கள். இறங்க முன்னால் ஒரு படிக்கட்டு, பின்னால் ஒன்று. முகூர்த்த நாளில் பின்படிக்கட்டின் இரும்புக் கதவைப் பூட்டிவிடுவார்கள். எதற்கு? பத்திரிகை வைக்காதவர்கள் பந்தியில் வந்து உட்கார்ந்துவிடக் கூடாதாம்! சொர்ணவேல் மகள் கல்யாணத்தன்று மட்டும் அது திறந்தே இருந்தது. பக்கத்தில் நாற்காலி போட்டு ஓர் ஆளைக் காவல் வைத்திருந்தார். மணப்பெண்ணின் ரவிக்கையைத் தையற்காரர் இருளப்பன் அந்த வழியாகத்தான் கொண்டுபோய்க் கொடுத்தார்.

முன்பெல்லாம் தீயணைப்பு அதிகாரி வந்து பார்த்து, பேரூராட்சியும் சம்மதித்தால்தான் மண்டபத்துக்கு உரிமம். இப்போது மாநிலத்தில் புதுச் சட்டம். ‘என் கட்டடம் பாதுகாப்பானது, என் கழிவுநீரால் ஏரிக்குக் கேடில்லை’ என்று உரிமையாளரே கையெழுத்துப் போட்டால் போதும். பேரூராட்சி மறுக்கக் கூடாது. நல்ல சட்டம், போங்கள்!

அடுத்து அங்கே இருளப்பன் மகளுக்குக் கல்யாணம். முந்தின நாள் பேரூராட்சித் தலைவி தமயந்தி பூட்டைப் பார்த்துவிட்டுச் சொர்ணவேலிடம் போனார்.

“பூட்டை எடுங்கண்ணே. தீப்பிடிச்சா சனம் எந்தப் பக்கம் ஓடும்?”

“சட்டப்படி கையெழுத்துப் போட்டாச்சும்மா. உங்களுக்கு இதுல என்ன வேலை?”

அடுத்து அவர் போய்க் கேட்ட தீயணைப்பு அதிகாரியோ, “எனக்கும் வந்து பார்க்கணும்னுதான் இருக்கு மேடம். இப்ப அந்த அதிகாரம் இல்லையே” என்று கையை விரித்தார்.

விடிந்ததும் சொர்ணவேல் சாவியோடு வெளியூர் போய்விட்டார். தமயந்தி ஆள் கூட்டி வந்து பூட்டை அறுத்துப் போட்டார். தீ எதுவும் பிடிக்கவில்லை. ஆனால் பின்வழியே யார் யாரோ ஏறி வந்து சாப்பிட, கடைசிப் பந்திக்குச் சோறு பத்தவில்லை. மாப்பிள்ளை வீட்டார் வெறும் இலையை விட்டு எழுந்தார்கள். சம்பந்தி காலில் இருளப்பன் விழாத குறை. அத்துமீறி நுழைந்ததாகத் தமயந்தி மேல் சொர்ணவேல் போலீசில் புகார் கொடுத்தார். பதவியே போகும் நிலை. சாட்சிக் கையெழுத்துக்கு இருளப்பனையே கூப்பிட்டார்கள்.

சட்டத்தை மீறாத உரிமையாளர், அதிகாரத்தை மீறாத அதிகாரி, இரண்டையும் மீறிய தலைவி. சொல்லுங்கள், இதில் யார் செய்தது சரி?

விடை: தமயந்திதான். கதவருகே ஓர் ஆளை நிறுத்தாதது மட்டும் அவர் பிழை. தீதான் பிடிக்கவில்லையே என்பீர்கள். சொர்ணவேல் மகள் கல்யாணத்திலும்தான் பிடிக்கவில்லை. பிறகு ஏன் திறந்து வைத்தார்? ஆபத்தும் தெரியும், ஒரு காவலாள் போதும் என்பதும் தெரியும். தெரிந்தே மற்றவர் பிள்ளைகளை உள்ளே வைத்துப் பூட்டினார். அந்த மனிதரின் கையெழுத்தை நம்பு என்கிறது சட்டம்! ஸ்டேஷனில் இருளப்பன் பேனாவைத் தொடவில்லை. “அவர் பொண்ணுக்குத் திறந்த கதவு எம்பொண்ணுக்கு ஏன்யா பூட்டிக் கிடந்துச்சு? எங்க உசுரு என்ன கிள்ளுக்கீரையா?” என்று கேட்டுவிட்டு எழுந்து போனார்.