கடைசி வரிசையில் ஆடிய பெர்மினா

பிலிப்பைன்ஸ் நாட்டில், மணிலா விரிகுடாவின் உப்புக்காற்று வீசும் தாழ்நிலத்தில், சான் ருஃபோ என்றோர் ஊர். சுற்றிலும் மீன்குட்டைகள். குட்டை நிறையப் பால்கெண்டை. விடியுமுன் பிடித்து வந்த மீனைச் சந்தையில் குவிப்பார்கள். அந்தக் குவியலின் முன் முக்காலி போட்டு அமர்ந்து, சிறு இடுக்கியால் முள்ளைப் பிடுங்கிக் கொடுப்பதுதான் பெர்மினா அம்மையாரின் பிழைப்பு. பால்கெண்டைக்கு உடம்பெல்லாம் முள். ஒவ்வொரு முள்ளாக எடுக்கும்போதும் அம்மையாரின் உதடு, “கிளாரம்மா, தாயே” என்று அசைந்துகொண்டிருக்கும். வேலை முடிந்ததும் கையைத் தேய்த்துக் கழுவிவிட்டுக் கோயிலுக்குப் போவார். எவ்வளவு கழுவினாலும் மீன்வாடை போகாது. ஆகவே யாருக்கும் தொந்தரவில்லாமல் கதவோரமாகவே முழந்தாளிடுவார்.

அந்த ஊர்க் கோயிலின் பாதுகாவலி புனித கிளாரம்மாள். மே மாதத்தில் அவருக்குத் திருவிழா. பிள்ளை வரம் கேட்பவர்கள் அன்று சுரூபம் என்னும் அம்மாளின் திருவுருவச் சிலைக்கு முன்னால் வீதி நெடுக ஆடிப்போவார்கள். மூங்கிலால் செய்த கொம்புகளும் குழல்களும் தோல்மேளமும் முழங்கும். மற்ற ஊர்களில் வேண்டுதலை வாயால் சொல்வார்கள். சான் ருஃபோவில் காலால் சொல்வார்கள்.

பெர்மினாவின் கணவர் சிரியாக்கோ அந்த வாத்தியக் குழுவில் பெரிய கொம்பு ஊதுபவர். மணமாகி நெடுங்காலமாகியும் அவர்களுக்குப் பிள்ளையில்லை. ஆண்டு தவறாமல் கணவர் ஊத, மனைவி ஆடினார். பார்ப்பவர்கள் சிரித்தார்கள். சிரியாக்கோவின் தங்கை மத்தில்தே எல்லார் முன்னிலும் ஒருமுறை கேட்டேவிட்டாள்.

“அண்ணி, வருசா வருசம் உங்க காலுதான் தேயுது. வயித்துல ஒண்ணும் காணோமே!”

“தேஞ்சா தேயட்டும் மத்தில்தே. அம்மாளுக்குக் கண்ணு இருக்கு” என்றார் பெர்மினா.

ஊரே நம்பிக்கை இழந்துவிட்ட பிறகு, தலையில் நரை எட்டிப் பார்த்த வயதில், அம்மையார் கருவுற்றார். பெண் குழந்தை பிறந்தது. கிளாரிட்டா என்று பெயரிட்டார்கள். சிரித்தவர்களெல்லாம் தொட்டிலை எட்டிப் பார்க்க வந்தார்கள். முதலில் வந்தவள் மத்தில்தே. குழந்தையை மடியிலிருந்து இறக்க மனமில்லாமல் அன்று முழுதும் வைத்திருந்தாள். “உசிர் உள்ளவரைக்கும் ஒவ்வொரு வருசமும் வந்து ஆடி நன்றி சொல்லுவேன் தாயே” என்று பெர்மினா நேர்ந்துகொண்டார்.

கிளாரிட்டா மழலை மாறாத வயதில் இருந்தபோது, திருவிழாவன்று காலை அவளுக்கு உடம்பு சுட்டது. சிரியாக்கோ கொம்பைத் தூக்கிக்கொண்டு முன்னதாகவே போய்விட்டார். பெர்மினா விழாவுக்கு உடுத்தும் அன்னாசி நார்ச் சட்டையைக் கையில் வைத்துக்கொண்டு, உடுத்துவதா வேண்டாமா என்று குழந்தையின் பக்கத்திலேயே நின்றார்.

“போயிட்டு வாங்க அண்ணி. நேர்ச்சைய விடக்கூடாது. நான் பாத்துக்கறேன். தூங்கறா பாருங்க, சூடு கொறஞ்சுதான் இருக்கு” என்றாள் மத்தில்தே.

நெற்றியைத் தொட்டுப் பார்த்தார். குறைந்த மாதிரிதான் இருந்தது. வாசல்வரை போய்த் திரும்பி வந்து இன்னொரு முறை தொட்டுப் பார்த்தார். பிறகு போனார்.

பாலத்தருகே கூட்டம் நெரிந்தது. கொம்புகள் காதைப் பிளந்தன. ஆடிக்கொண்டே திரும்பியபோது, கூட்டத்துக்கு அப்பால் மத்தில்தே இரண்டு கையையும் உயர்த்தி ஏதோ கத்துவது தெரிந்தது. என்ன சொல்கிறாள் என்று கேட்கவில்லை. ஒருநாளும் தன் ஆட்டத்தை மதிக்காதவள் இன்று கைதூக்கி உற்சாகப்படுத்துகிறாளே என்று பெர்மினாவின் நெஞ்சு பூரித்தது. சிரித்தபடி தானும் கையை ஆட்டிவிட்டு ஆட்டத்தோடு நகர்ந்து போனார்.

மத்தில்தே கூட்டத்தை இடித்துத் தள்ளி அவரை எட்டிப் பிடித்தது கோயில் வாசலில்தான். இருவரும் ஓடினார்கள். வீட்டில் பக்கத்து வீட்டுக்காரி, உயிர் போய்விட்ட குழந்தையின் கண்ணை மூடிக்கொண்டிருந்தாள்.

“கடைசியா என் பிள்ள என்ன கேட்டா?” என்றார் பெர்மினா.

மத்தில்தே தரையில் சரிந்து உட்கார்ந்தாள். “உங்களத்தான் அண்ணி கேட்டா. அம்மாவக் கூப்பிடுன்னா. அதான் ஓடி வந்தேன்.”

அடக்கம் முடிந்தபின் சிரியாக்கோ மனைவியிடம் சொன்னது ஒரே வார்த்தைதான். “நீ ஆடப் போனே.” தானும் அன்று கொம்பு ஊதிக்கொண்டிருந்தவர் என்பது அவருக்குத் தெரியாமலா இருக்கும்? அதன்பின் அவர் கொம்பைத் தொடவேயில்லை. திருவிழா நாளில் ஓடத்தைத் தள்ளிக்கொண்டு, மேளச்சத்தம் எட்டாத தொலைவுக்குப் போய்விடுவார். சில வருடங்களில் காலமும் ஆனார். அவர் உயிரோடிருந்தவரை மன்னிப்புக் கேட்க அம்மையார் எத்தனையோ முறை வாயெடுத்தார். ஒவ்வொரு முறையும் அவர் எழுந்து வெளியே போய்விடுவார். அந்தக் குறை அம்மையாருக்குக் கடைசிவரை தீரவில்லை.

பிள்ளையை அடக்கம் செய்த சில நாளில் ஊர்க் கோயிலின் பங்குத்தந்தை ஆறுதல் சொல்ல வந்தார். “நீங்க செஞ்சது பாவமில்லம்மா.”

“பாவமில்லைன்னு எனக்கும் தெரியும் சாமி. ஆனா பிள்ள கூப்பிட்டிருக்கா. நான் கைய ஆட்டியிருக்கேன்.”



பிள்ளை போன அடுத்த மே மாதம் பெர்மினா வரமாட்டார் என்றே ஊர் எண்ணியது. வந்தார். அதே சட்டையை உடுத்தி, வழக்கமான இடத்தில் நின்றார். பிள்ளை வரம் கேட்டு வந்த பெண்கள் அவரைக் கண்டதும் ஒதுங்கினார்கள். பிள்ளையைத் தின்றவள் பக்கத்தில் நின்றால் வேண்டுதல் பலிக்காது என்று யாரோ சொல்லிவிட்டார்கள். விழாத் தலைவர் வலேரியானோ அருகே வந்து, தொண்டையைச் செருமிக்கொண்டு கேட்டார்.

“இனிமே எதுக்கும்மா ஆடறீங்க? குடுத்தவங்களே எடுத்துக்கிட்டாங்களே.”

“குடுத்ததுக்கு இன்னும் நன்றி சொல்லி முடியல ஐயா.”

“அப்படின்னா கடைசியில ஆடுங்க. எல்லாரும் போனப்புறம்.”

“சரிங்க ஐயா.”

அன்றுமுதல் ஊர்வலத்தின் வாலில், வாத்தியம் சரியாகக் கேட்காத இடத்தில், அம்மையார் தனியாக ஆடினார். மேளத்தின் அதிர்வைக் காலடி மண்ணில் வாங்கித் தாளம் பிடித்துக்கொள்வார். ஊர் இரைச்சல் கடந்துபோன அந்த இடத்தில், வீடுகளுக்குள் அழும் பிள்ளைகளின் குரல் அவர் காதில் விழும். உடனே ஆட்டத்தை நிறுத்திவிட்டு, கதவைத் திறந்து உள்ளே போய்ப் பிள்ளையைத் தூக்கிக்கொள்வார். தாய் ஆடப் போயிருந்தால் ஆளனுப்பி அழைப்பார். சிலர் வந்தார்கள், சிலர் எரிந்து விழுந்தார்கள். மறுநாள் விடியலில் மீன்சந்தையில் முள்ளெடுக்க உட்காரும்போது அம்மையாரின் உதடு பழையபடி அசையும். அம்மாளிடம் அவருக்குக் கோபமில்லை. தன்மேல்தான் வருத்தம். அந்த வருத்தத்தை விசுவாசம் போக்கவில்லை. விசுவாசத்தை அந்த வருத்தமும் அசைக்கவில்லை.

முதுமை வந்தது. குட்டை நீரிலும் சந்தைச் சேற்றிலும் ஊறிய கால்கள் வீங்கிப்போயின. ஒரு திருவிழாவன்று எவ்வளவு முயன்றும் மூங்கில் கட்டிலைவிட்டு அவரால் எழ முடியவில்லை. தொலைவில் கொம்பு முழங்கக் கேட்டுக்கொண்டே படுத்திருந்தார். சொன்ன சொல் தவறிப்போன முதல் ஆண்டு அது. கண்ணீர் காதுவரை வழிந்தது.

அதே வேளையில், நாற்சந்தியில் ஊர்வலம் நின்றுபோயிற்று. சுரூபத்தைத் தோளில் சுமந்த ஆட்கள் கோயில் வீதிக்குத் திரும்பப் பார்த்தார்கள், முடியவில்லை. சுரூபம் இடப்பக்கமாகச் சாய்ந்து இழுத்தது. அந்தப் பக்கம் மீன்தொழிலாளர் வாழும் சேற்றுச்சந்துதான் இருந்தது.

“யாருய்யா அந்தப் பக்கம் இழுக்கிறது?” என்று அதட்டினார் வலேரியானோ.

“யாரும் இழுக்கல ஐயா. தோளு தானாத் திரும்புது.”

இறக்கி வைத்தார்கள். ஆளை மாற்றித் தூக்கினார்கள். கோயில் வீதி நோக்கி ஓரடிகூட வைக்க முடியவில்லை. வாத்தியம் ஓய்ந்தது. கூட்டத்திலிருந்து கிழவி மத்தில்தேயின் குரல் வந்தது.

“எங்க அண்ணி இன்னிக்கு வரல.”

ஊர்வலத்தின் வாலைத் திரும்பிப் பார்த்தவர்கள் அங்கே யாரும் இல்லாததைக் கண்டார்கள். இத்தனை ஆண்டுகளில் அந்த இடத்தை அவர்கள் திரும்பிப் பார்த்தது அன்றுதான். வலேரியானோ தொப்பியைக் கழற்றினார். “அம்மாள் எங்க போகணும்னு நெனைக்கிறாங்களோ, அங்கயே போங்கப்பா” என்றார்.

சுமந்தவர்கள் சந்துக்குள் காலெடுத்து வைத்ததும் சுரூபம் பூங்கூடையைப்போல் இலேசாயிற்று.

வாசல் வெளிச்சம் மறைவதைக் கண்டு பெர்மினா தலையைத் திருப்பினார். வாசல் நிறைய அம்மாளின் முகம். பின்னால் ஊரே சேற்றில் முழந்தாளிட்டிருந்தது. அம்மையார் எழப் பார்த்தார், முடியவில்லை. மீன்வாடை நீங்காத அந்தக் கைகளைக் குவித்துக்கொண்டார். பிறகு சொன்னார்.

“படுத்துக் கெடக்கிறவளப் பாக்கறதுக்கு, உங்க திருவிழாவையே விட்டுட்டு வந்தீங்களா தாயே? எனக்கு அன்னிக்கு அது தெரியாமப் போச்சே.”

கிளாரிட்டாவை அடக்கம் செய்த நாளில்கூட வாய்விட்டு அழாதவர் அப்போது அழுதார். மத்தில்தே ஓடிவந்து அவர் தலையை மடியில் எடுத்துக்கொண்டாள். வலேரியானோ கட்டிலருகே மண்டியிட்டார்.

“உங்களக் கடைசியில நிறுத்திட்டோம்மா. மன்னிச்சிருங்க.”

“அங்க நின்னதாலதான் ஐயா பிள்ளைங்க அழுகிற சத்தமாவது கேட்டுச்சு” என்றார் பெர்மினா.

மழைக்காலம் தொடங்குமுன் அம்மையார் கண்மூடினார். மகளுக்குப் பக்கத்திலேயே அவரை வைத்தார்கள். இன்று சான் ருஃபோவில் வீட்டில் நோயாளியை வைத்துக்கொண்டு யாரும் ஆட வருவதில்லை. அவர்கள் நேர்ச்சையை இன்னொருத்தி ஆடித் தீர்க்கிறாள். சுரூபம் ஒவ்வொரு சந்திலும் நுழைந்து, நோயாளி கிடக்கும் வாசலில் சற்று நின்று போகிறது. அந்த நேரத்தில் மட்டும் கொம்பும் மேளமும் ஓய்ந்திருக்கும்.

தம் பிழையை மறவாமலும், தம் தாயான கிளாரம்மாளைக் கைவிடாமலும் வாழ்ந்த அந்த எளிய அம்மையாரின் வீங்கிய பாதங்களை நாமும் நெஞ்சில் வைத்து வணங்குவோம்.