உலகம்மை என்றொரு இனம்

"டீச்சர், காட்டுல ஒரு இலைகூட உதிரலை. ஆனா ஒரு இனம் இல்லாமப் போச்சு. இது என்ன கூத்து?"

வந்ததும் வராததுமாக ஆவுடையப்பன் இப்படித்தான் கேட்டார். குடையைக்கூட மடக்கவில்லை.

ஜெபக்கனி நிமிர்ந்து பார்த்தார். மலையடிவாரத்தில் உலர்ந்த செடிகளைத் தாளில் ஒட்டி, இனம் இனமாய்ப் பிரித்து, அலமாரிகளில் அடுக்கி வைத்திருக்கும் ஹெர்பேரியம் அது. அதற்கு அவர்தான் பொறுப்பு. வயது நாற்பது.

அவருடைய சிஷ்யர் ஆவுடையப்பனுக்கு அறுபத்து நாலு. பள்ளிக்கூட லேபில் உதவியாளராக இருந்து ஓய்வு பெற்றவர். வீட்டில் நிம்மதியாகக் கால் நீட்டிப் படுக்க வேண்டிய வயசில் பூவுக்கு எத்தனை இதழ் என்று எண்ணப் படிக்க வந்தார். ஊரில் சிரிக்காத ஆள் இல்லை. சிரிக்காதவள் அவர் மனைவி உலகம்மை ஒருத்திதான். அவளும் கூடவே மலையேறினாள்.

ஆறு வருஷத்துக்கு முன்னால் ஓடைக்கரையில் அந்தச் செடியை முதலில் கண்டது அவள்தான். குச்சி குச்சியாய் இலை, கொத்துக் கொத்தாய்ப் பூ. எந்தப் புத்தகத்திலும் அது இல்லை. காய் ஒன்றையும் காணோம். பருவம் தப்பியிருக்கும் என்று இருவரும் நினைத்துக்கொண்டார்கள். ஆவுடையப்பன் அதைப் புது இனம் என்று கட்டுரை எழுதி, மனைவி பெயரையே வைத்தார். ஜெபக்கனியும் படித்துப் பார்த்துத் தலையாட்டினார். கட்டுரை அச்சாகி வருவதற்குள் உலகம்மை போய்ச் சேர்ந்துவிட்டாள்.

அவருக்கென்று மிச்சமிருந்தது அந்தப் பெயர் ஒன்றுதான்.

மனுஷர் அதோடு சும்மா இருந்தாரா? இல்லை. அதே ஓடைக்கரையில் வேறொரு செடி உண்டு. அகல இலை, ஒற்றைப் பூ. இருநூறு வருஷத்துக்கு முன்பே ஒரு வெள்ளைக்காரத் துரையின் பெயரில் பதிவானது. மூன்று வருஷம் முன்னால் அதன் விதையை எடுத்து வந்து வீட்டில் பன்னிரண்டு தொட்டிகளில் போட்டார். போன வாரம் எல்லாம் பூத்தன.

ஐந்து தொட்டிகளில் துரை நின்றார். ஏழு தொட்டிகளில் உலகம்மை நின்றாள்.

பப்பாளியில் ஆண் மரம் தனி, பெண் மரம் தனி இல்லையா? அதே சங்கதிதான். துரை பெயர் பெண்செடிக்கும், மனைவி பெயர் ஆண்செடிக்கும் போய் உட்கார்ந்திருந்தன. இரண்டும் ஒன்று என்று ஆகிவிட்டால் முதலில் வைத்த பெயர்தான் நிற்கும். அது இந்தத் தொழிலின் சட்டம்.

"எனக்கும் உங்களுக்கும் தவிர யாருக்கும் தெரியாது. ஏழு தொட்டியைக் கவிழ்த்துட்டா விஷயம் முடிஞ்சுது," என்றார் ஆவுடையப்பன்.

ஜெபக்கனி பசைப் புட்டியின் மூடியைத் திருகி மூடினார்.

ஆவுடையப்பனுக்கு அதுதான் தாங்கவில்லை. திட்டினாலாவது பரவாயில்லை.

"நேத்து வரைக்கும் ரெண்டு இனம். இன்னைக்கு ஒண்ணு. அப்போ இனம்ங்கிறது செடியில இருக்கா, நம்ம நோட்டுல இருக்கா?"

ஜெபக்கனி எழுந்து அவரைப் பக்கத்து அறைக்குக் கூட்டிப்போனார். சுவரோரம் வெறுமையாக இருந்தது. தரையில் இழுத்த தடம் தெரிந்தது. போன மாசம் வரை ஒரு குடும்பத்துச் செடிகள் முழுசும் இங்கேதான் இருந்தன என்றார். மரபணு பார்த்தவர்கள், இவற்றின் சொந்தக்காரர்கள் எல்லாம் வடக்கு அறையில் இருக்கிறார்கள் என்று சொல்லிவிட்டார்களாம். நாலு ஆளோடு தானும் சேர்ந்து அலமாரியைத் தள்ளினாராம்.

"செடிகளுக்கு இன்னும் சேதி போகலை," என்றார்.

"அப்போ இவ்வளவு நாள் இங்க இருந்தது பொய்யா?"

"இடுப்பு வலி நிஜம்."

ஆவுடையப்பனுக்குத் தலை சுற்றியது. கேட்ட கேள்வி ஒன்று, கிடைத்த பதில் வேறு. இதற்கு ஊரிலேயே இருந்திருக்கலாம் என்று தோன்றியது.

ஜெபக்கனி இரண்டு தாள்களைக் கொண்டுவந்து மேஜையில் வைத்தார். ஒன்றில் துரை, ஒன்றில் உலகம்மை. பக்கத்தில் ஒரு வெள்ளைச் சீட்டு, பேனா, பசைப் புட்டி. பிறகு சாப்பாட்டுத் தூக்கை எடுத்துக்கொண்டு வெளியே போய்விட்டார்.

மனைவியின் தாளையே பார்த்துக்கொண்டிருந்தார் ஆவுடையப்பன். செடிக்குப் பக்கத்தில் சின்னச் சீட்டில் அவர் கையெழுத்தில் அவள் பெயர். கண் நிறைந்துவிட்டது. போகிறதுதான் போகிறது, வேறு எவன் கையாலும் போக வேண்டாம் என்று பஞ்சை நனைத்துச் சீட்டின் ஓரத்தில் வைத்தார்.

மணிக்கட்டை ஒரு கை பிடித்தது. ஜெபக்கனி திரும்பி வந்திருந்தார்.

"இங்க எந்தச் சீட்டையும் உரிக்கிறதில்லை."

"தப்பான பேரு டீச்சர்."

"ஆமா, தப்புதான். இருக்கட்டும்."

துரையின் தாளை அவர் பக்கம் நகர்த்தினார். ஒன்றன் கீழ் ஒன்றாக நாலு சீட்டுகள். மேலே இருந்தது தப்பு என்று அடுத்தது சொன்னது. அதையும் தப்பு என்றது அதற்கடுத்தது. ஒன்றையும் யாரும் எடுக்கவில்லை. மூன்றாவது ஜெபக்கனியின் கையெழுத்து. அதற்குக் கீழே எவரோ பொறுமையாக அவரைத் திருத்தியிருந்தார்.

ஆவுடையப்பன் ரொம்ப நேரம் படித்தார். விளங்கின மாதிரியும் இருந்தது, விளங்காத மாதிரியும் இருந்தது. கடைசியில் பேனாவை எடுத்தார்.

'இதுவும் துரை செடியே. ஆண். தொட்டியில் வளர்த்துப் பார்த்தேன்.' தேதி போட்டு, கையெழுத்தும் போட்டார். உலகம்மையின் சீட்டுக்கு நேர் கீழே ஒட்டி, ஓரங்களை விரலால் அழுத்தினார். சீட்டு கோணவில்லை.

ஜெபக்கனி தாளைத் தூக்கி வெளிச்சத்தில் பிடித்தார்.

"கீழ ரெண்டு விரல் இடம் விட்டு ஒட்டியிருக்கீங்க. அது யாருக்கு?"

"நான் சொன்னது தப்புன்னு எழுத வர்றவருக்கு," என்றார் ஆவுடையப்பன், யோசிக்காமல்.

சொன்ன பிறகுதான் அது அவர் காதில் விழுந்தது.