படகுக்குள் சொட்டிய தண்ணீர்

“அம்மா, இந்த ஏரி என்னைப் பழிவாங்குது” என்றார் மாசிலாமணி.

மடத்து வாசலில் நின்றிருந்தார். தோளில் நனைந்த கம்பளி. மூக்கு சிவந்து கிடந்தது.

மடத்தை நடத்தும் அம்மை அவரைவிட வயதில் இளையவர். அரிசியில் கல் பொறுக்கிக்கொண்டிருந்தார்.

“என்ன பண்ணுச்சு?”

“சொட்டுது. கண்ணைத் திறந்தா நெத்தியில ஒண்ணு. திரும்பிப் படுத்தா காதுக்குள்ள ஒண்ணு.”

வடக்கே மலைகளுக்கு நடுவில் இருந்தது அந்த ஏரி. உப்புத் தண்ணீர், அதனால் எந்தக் குளிரிலும் உறையாது. தெற்கிலிருந்து யாத்திரை வந்தவர்களில் சிலர் அங்கேயே தங்கி, அம்மையிடம் பாடம் கேட்டார்கள். கடைசியாக வந்து சேர்ந்தவர் மாசிலாமணி. ஊரில் நெல் வியாபாரம் பார்த்தவர்.

வந்த வாரமே அவருக்கு மடம் பிடிக்காமல் போனது. ஒருவன் குறட்டை விட்டான். ஒருவன் சாப்பிடும்போது பாடினான். பொன்னுரங்கம் என்று ஒருவன், சொன்ன கதையையே தினமும் சொல்லி, தானே சிரித்தான்.

“எனக்குத் தனிமை வேணும்” என்று அம்மையிடம் கேட்டார்.

அம்மை மடத்துப் படகைக் காட்டினார். கோடையில் யாத்திரைக்காரர்களை அக்கரைக் கோயிலுக்குக் கொண்டுபோகும் கூரைப் படகு. இருப்பது அது ஒன்றுதான்.

“கரையில ஏத்தினா பலகை வெடிச்சிடும். குளிர் முடியிற வரைக்கும் தண்ணியிலேயே கிடக்கணும். உள்ளே ஈரம் தங்கினா பூஞ்சை பிடிச்சு உளுத்துப்போகும். காய வச்சுக் கதகதப்பா பாத்துக்குவீங்களா?”

“ஒரு சொட்டு உள்ளே வந்தா நான் ஊருக்கே மூட்டை கட்டிடறேன்!”

அன்றிலிருந்து மாசிலாமணி ஓய்வு ஒழிச்சல் இல்லாமல் அடைத்தார். பலகை இடுக்குகளில் கயிற்றைத் திணித்தார். கூரைக்குத் தார் பூசினார். ஜன்னலுக்குக் கம்பளி அடித்தார். எறும்பு நுழையவும் வழி கிடையாது.

சொட்டியது.

அடித்தளப் பலகையைப் பெயர்த்துப் பார்த்தார். கீழே அப்பளம் போலக் காய்ந்திருந்தது. மறுபடி தார் பூசினார்.

இன்னும் அதிகமாகச் சொட்டியது.

பொன்னுரங்கம்தான் ஏதோ வேலை பண்ணுகிறான் என்று ஒருநாள் கூரைமேலேயே ஏறி உட்கார்ந்து காவல் காத்தார். யாரும் வரவில்லை. சளிதான் பிடித்தது. இப்போது ஊருக்குப் போவதா, சொன்ன சொல்லை விழுங்குவதா என்று தெரியாமல் வந்து நிற்கிறார்.

அம்மை முறத்தை வைத்துவிட்டு எழுந்தார்.

“வாங்க, பாக்கலாம்.”

படகுக்குள் அம்மை கால் வைத்ததும் மாசிலாமணி அவசரமாகக் கதவைச் சாத்தி, இடுக்கில் துணியைத் திணித்தார்.

“சொல்லுங்க” என்றார் அம்மை.

மாசிலாமணி சொன்னார். ஏரியைச் சொன்னார். மடத்துக் கஞ்சியைச் சொன்னார். விடியுமுன்னே கத்தும் வாத்துகளைச் சொன்னார். பொன்னுரங்கத்துக்கு வந்து சேர்ந்தபோது அவருக்கு வேர்த்தே விட்டது.

சொட்டு ஒன்று அவர் வழுக்கையில் விழுந்தது.

“பாத்தீங்களா! பாத்தீங்களா!”

“நாக்குல வச்சுப் பாருங்க.”

வைத்துப் பார்த்தார். புருவம் ஏறியது.

“உப்பே இல்ல.”

“ஏரித் தண்ணி?”

“வாயில வைக்க முடியாது.”

“மழை?”

“பெய்யலையே.”

“பனி?”

“இவ்வளவு தாரைத் தாண்டியா?”

“அப்போ இது யார் வீட்டுத் தண்ணி?”

மாசிலாமணி சுற்றிப் பார்த்தார்.

அம்மை பக்கத்திலிருந்த தண்ணீர்ச் செம்பின் மூடியை எடுத்து அவர் வாய்க்கு நேரே பிடித்தார்.

“பொன்னுரங்கத்தைப் பத்தி இன்னும் கொஞ்சம் சொல்லுங்க.”

கேட்டதே போதும் என்று ஆரம்பித்தார். மூடி மங்கியது. முத்து முத்தாகப் பூத்தது. “அவன் சிரிக்கிற சிரிப்பு இருக்கே” என்ற இடத்தில், மூடியிலிருந்து ஒரு சொட்டு வழிந்து அவர் முழங்காலில் விழுந்தது.

மாசிலாமணி நிறுத்தினார்.

நிறுத்தியவர் மூச்சையும் நிறுத்திவிட்டார். கன்னம் உப்பியது. முகம் கத்தரிக்காய் நிறத்துக்கு வந்தது.

“அப்படி ரொம்ப நேரம் இருக்க முடியாது” என்றார் அம்மை. “ஜன்னலைத் திறங்க.”

மூச்சு வெடித்து வெளியே வந்தது. “குளிர் உள்ளே வந்திடுமே!”

“அடுப்பு இருக்கே?”

“எங்கே மூட்டுறது? புகை போக வழி வேணாமா? அதான் எல்லாத்தையும் அடைச்சு...”

அம்மை ஜன்னல் கம்பளியைக் காட்டினார்.

மாசிலாமணி தார் படிந்த தன் கைகளைப் பார்த்தார். பிறகு கத்தியை எடுத்து, ஜன்னல் கம்பளியை ஆணி ஆணியாகப் பிடுங்கினார். அடுப்பை மூட்டினார். புகை நெளிந்து நெளிந்து ஏரிமேல் போனது.

மடத்தில் அதைப் பார்த்துவிட்டார்கள்.

முதலில் வந்தது பொன்னுரங்கம். கையில் டம்ளர்.

“ஐயா, சுக்குக் காப்பியா?”

அவன் பின்னால் மற்றவர்கள். மாசிலாமணி அம்மையைப் பார்த்தார். அம்மை நகர்ந்து உட்கார்ந்து இடம் விட்டார். வேறு வழியில்லாமல் அவரும் நகர்ந்தார். முட்டியோடு முட்டி இடிக்க எல்லோரும் உட்கார்ந்தார்கள். பொன்னுரங்கம் தன் கதையை ஆரம்பித்தான்.

ஜன்னலோரம் இருந்தவன் கையைத் தேய்த்துக்கொண்டான்.

“யப்பா, என்ன குளிரு! ஐயா, இதைச் சாத்திடட்டுமா?”

“தொடாதே!” என்று மாசிலாமணி போட்ட சத்தத்தில் ஏரியிலிருந்த வாத்துகள் அத்தனையும் எழும்பிப் பறந்தன.