மைனாவுக்குப் புரியாத எச்சரிக்கை

கீச்சி என்ற மைனா, குளத்தங்கரைப் பள்ளிக்கூடத்தில் எப்போதும் முதலாவதாக வரும். எந்தப் பாடத்தையும் ஒரு தடவை கேட்டால் போதும், ஓர் எழுத்து பிசகாமல் ஒப்பித்துவிடும். அதனால் மலைமேல் இருந்த காட்டுக் கல்லூரியில் சுலபமாக இடம் கிடைத்தது.

அங்கே எல்லாமே அதற்குப் புதிது. எங்கு பார்த்தாலும் தெரியாத முகங்கள்! அணில்கள், கீரிகள், மரங்கொத்திகள். எல்லாருமே தன்னைவிடக் கெட்டிக்காரர்கள் போல அதற்குத் தோன்றியது. பக்கத்தில் உட்கார்ந்த புள்ளி என்ற சருகுமான் மட்டும் சிநேகமாகச் சிரித்தது.

பாடம் எடுத்தது ஒரு கருமந்தி.

"காட்டில் உயிர் பிழைக்க, எச்சரிக்கைக் குரல்கள் தெரிய வேண்டும். இது பருந்துக்கு. இது காட்டுப்பூனைக்கு!" என்று இரண்டு விதமாகக் கத்திக் காட்டியது.

கீச்சி இரண்டையும் அச்சு அசலாகத் திருப்பிக் கத்தியது. வகுப்பே கைதட்டியது.

"பிரமாதம்! சரி, பருந்துக் குரல் கேட்டால் ஏன் மேலே பறக்கக் கூடாது?" என்று கேட்டது மந்தி.

கீச்சி பதிலுக்குப் பருந்துக் குரலையே மறுபடி கத்தியது. பின்னாலிருந்து யாரோ களுக்கென்று சிரித்தார்கள்.

"புரிந்ததா?" என்றது மந்தி.

"புரிந்தது அம்மா!" என்றது கீச்சி. புரியவில்லை என்று சொன்னால் மானம் போய்விடாதா?

அன்றிலிருந்து அது வெறிபிடித்ததுபோல் படித்தது. பழம் தின்ன மறந்தது. புள்ளியோடு பேச மறந்தது. ஒவ்வொரு குரலையும் தொண்டை கட்டும்வரை கத்திக் கத்திப் பழகியது. ஆனாலும் வகுப்புக்குப் போகும்போதெல்லாம் பயம் விடவில்லை. 'இன்னும் கத்த வேண்டும், இன்னும் கத்த வேண்டும்' என்று மட்டுமே அதற்குத் தோன்றியது.

ஒருநாள் காலையில் கீச்சி தரையில் புழு பொறுக்கிக்கொண்டிருந்தது. எங்கிருந்தோ ஒரு குரங்கு கத்தியது. காட்டுப்பூனைக் குரல்!

கீச்சி உடனே அதைத் திருப்பிக் கத்தியது. 'ஆகா, கொஞ்சமும் பிசகவில்லை!' என்று பூரித்துப்போய் அங்கேயே நின்றது.

புதரிலிருந்து காட்டுப்பூனை பாய்ந்தது!

அந்த நேரம் பார்த்து, பக்கத்தில் மேய்ந்துகொண்டிருந்த புள்ளி, சருகுகள் தடதடக்கக் காலை உதைத்தது. பூனை ஒரு கணம் திரும்பிப் பார்த்தது. கீச்சி அலறிக்கொண்டு மேலே எழும்பியது. அதன் வால் இறகு ஒன்று பூனையின் நகத்தில் மாட்டிக்கொண்டது. இரை தப்பிய பூனை உறுமிக்கொண்டே போய்விட்டது.

சற்றுப் பொறுத்துப் புள்ளி மூச்சு வாங்க, கீச்சி ஏறி உட்கார்ந்திருந்த மரத்தின் அடிக்கு வந்தது.

"நீதானே அந்தக் குரலைக் கத்தினாய்! பிறகு ஏன் பறக்கவில்லை?"

"நான் ஊருக்கே திரும்பிப் போகிறேன். இந்தக் கல்லூரி எனக்குச் சரிப்படாது!" என்று தேம்பியது கீச்சி.

"போவதானால் போ. ஆனால் நான் கேட்டதற்குப் பதில் சொல்லிவிட்டுப் போ!" என்று சொல்லிவிட்டுப் புள்ளி வகுப்புக்குப் போய்விட்டது.

கீச்சி அந்தக் கிளையிலேயே உட்கார்ந்து யோசித்தது. குரல் நன்றாகத் தெரிந்தது. ஆனால் அது தன்னைப் பார்த்துத்தான் 'ஓடு!' என்கிறது என்று உறைக்கவே இல்லை. இத்தனை நாளும் வாய்தான் படித்திருக்கிறது! புரியாத இடத்தில் ஒரு கேள்விகூடக் கேட்கவில்லை. அதை நினைக்க நினைக்க, பூனையைப் பார்த்தபோது நடுங்கியதைவிட அதிகமாக நடுங்கியது.

மறுநாள் வகுப்பில் கீச்சி சிறகைத் தூக்கியது.

"அம்மா, எனக்கு... எனக்குப் புரியவில்லை!"

'போச்சு, எல்லாரும் சிரிக்கப்போகிறார்கள்!' என்று கீச்சி கண்ணை மூடிக்கொண்டது.

"எனக்கும்தான்!" என்றது ஓர் அணில்.

"எனக்கும்!" என்றது கீரி. புள்ளிகூட, "எனக்குப் பாதிதான் புரிந்தது!" என்றது.

எந்தக் குரல் கேட்டால் எங்கே ஓட வேண்டும், ஏன் ஓட வேண்டும் என்று மந்தி முதலிலிருந்து சொல்லிக்கொடுத்தது.

அதன்பின் கீச்சி படிக்கும் விதமே மாறியது. வகுப்பு முடிந்ததும் ஒரு கிளையில் உட்காரும். 'இன்று என்ன புரிந்தது?' என்று தன்னையே கேட்கும். பாடத்தைச் சொந்த வார்த்தையில் சொல்லிப் பார்க்கும். திக்கிய இடத்தை மறுநாள் கேட்கும். சில நாள் எல்லாமே திக்கும். அன்று மனம் கலங்கும். ஆனாலும் பொழுதோடு சாப்பிட்டுத் தூங்கிவிடும்.

தேர்வு வந்தது. மந்தி பருந்துக் குரலையும் பூனைக் குரலையும் சேர்த்துக் கத்தியது! அப்படி ஒன்றைப் பாடத்தில் சொல்லவே இல்லை. பறவைகள் திகைத்தன. சில மேலே பறந்தன. சில கீழே இறங்கின.

கீச்சி ஒரு கணம் யோசித்தது. 'மேலே போனால் பருந்து. கீழே போனால் பூனை. இரண்டும் நுழைய முடியாத இடம் எது?' சட்டென்று பக்கத்து இலந்தை முள்மரத்துக்குள் புகுந்துகொண்டது.

"கெட்டிக்காரி! இதை எங்கே படித்தாய்?" என்று வியந்தது மந்தி.

"படிக்கவில்லை அம்மா, யோசித்தேன்!" என்றது கீச்சி, முட்களுக்கு நடுவிலிருந்து.

ஒப்பிக்க முடிகிறதே என்று திருப்திப்படாமல், உண்மையில் புரிந்ததா என்று தன்னைத்தானே கேட்டுப் படிப்பவருக்கே படிப்பு ஆபத்தில் கைகொடுக்கும்.