குரங்கும் வாத்தும் கண் மூடிய கதை

ஆமை சொல்லும் அந்தக் கதையை ஓணான் பல வருஷமாக நம்பவில்லை. கேட்கும்போதெல்லாம் தலையை மட்டும் ஆட்டும். ஓணான் தலையாட்டுவதற்கு அர்த்தம் ஏது? ஆமையோ சந்தோஷப்பட்டு மறுபடி முதலிலிருந்து ஆரம்பிக்கும். கதை இதுதான்.

ஒரு குளம். இந்தக் கரையில் புத்த பிக்குகளின் மடம். அந்தக் கரையில் கிறிஸ்தவத் துறவிகளின் மடம். பிக்குகளைப் பார்த்துப் பார்த்து ஒரு குரங்கு தியானம் பழகியது. துறவிகளைப் பார்த்து ஒரு வாத்தும் பழகியது.

"மூச்சை மட்டும் கவனிக்க வேண்டும்!" என்றது குரங்கு.

"வெறும் மூச்சா? ஒவ்வொரு மூச்சிலும் ஆண்டவரைக் கூப்பிட வேண்டும்!" என்றது வாத்து.

"கூப்பிட்டால் அது மௌனமா?"

"வாலைச் சொறிந்துகொண்டே உட்காருகிற நீ மௌனத்தைப் பற்றிப் பேசாதே!"

மௌனத்துக்காக அவை போட்ட கூச்சலில் குளத்து மீன்களுக்குத் தூக்கம் போயிற்று.

நரி வந்தது. "ஏன் தம்பிகளா சண்டை? நான் தீர்ப்புச் சொல்கிறேன். ஒருவர் மரத்திலும் ஒருவர் தண்ணீரிலும் இருந்தால் எப்படி அளப்பது? இரண்டு பேரும் இந்தப் புளியமரத்தடியில் உட்கார்ந்து கண்ணை மூடுங்கள். அசைந்தவர் தோற்றவர்!" என்று சொல்லி, ஊறிய எச்சிலை விழுங்கிக்கொண்டது.

இரண்டும் உட்கார்ந்தன. 'வாத்தைவிட நான் நன்றாக உட்கார்ந்திருக்கிறேன்' என்று குரங்கு நினைத்தது. 'குரங்கைவிட நான்' என்று வாத்து நினைத்தது. எதிரே உட்கார்ந்திருந்த நரி எழுந்ததே இரண்டுக்கும் கேட்கவில்லை.

நினைத்து நினைத்து அலுத்துப்போய், குரங்கு மூச்சுக்குத் திரும்பியது. வாத்து ஆண்டவரிடம் திரும்பியது. உள்ளே இருந்த இரைச்சல் அடங்கியது. அப்போது ஒரு சருகு நொறுங்கியது. இரண்டுக்கும் ஒரே நேரத்தில் கேட்டது!

"நரி!" என்று வாத்து கத்தியது. குரங்கு அதன் சிறகைப் பிடித்து இழுத்துக்கொண்டு மரத்தில் தாவியது.

"ஐயோ, இறக்கிவிடு! தலை சுற்றுகிறது!"

"கீழே பார்க்காதே! மூச்சைக் கவனி!"

"ஆண்டவரே!"

"அதையும் சொல்! நானும் சொல்கிறேன்!"

கீழே நரி குதித்தது. "அசைந்துவிட்டீர்கள்! இருவருமே தோற்றீர்கள்!"

ஆமை எப்போதும் இப்படித்தான் முடிக்கும்: "மூச்சைப் பிடித்துக்கொண்டு போனாலும் ஆண்டவரைப் பிடித்துக்கொண்டு போனாலும், போய்ச் சேரும் அமைதி ஒன்றுதான். சருகுக்குப் பக்கத்தில்தான் நான் இருந்தேன். நரி எழுந்ததிலிருந்து எல்லாவற்றையும் பார்த்தேன்!"

தான் அங்கே இருந்திருந்தால் என்ன செய்திருப்போம் என்று ஓணான் வெகுநேரம் யோசித்தது. இந்த முறை தலையை ஆட்டவில்லை.

"அண்ணே, நரி எழுந்ததை நீங்கள் பார்த்தீர்கள் என்றால், ஏன் ஒரு குரல் கொடுக்கவில்லை?"