எஸ்தர் மேட்ரனின் ஞாயிறு

பாளையங்கோட்டையில் ஒரு மருத்துவமனையில் எஸ்தர் ராணி மேட்ரனாக இருந்தார். வயது ஐம்பத்து நான்கு. நாற்பது நர்சுகளுக்கு டூட்டி போடுவது அவர் வேலை. அவர் போட்ட பட்டியலில் யாரும் குறை கண்டதில்லை.

ஒரு ஞாயிறு மாலை புத்தகத்தைத் திருப்பிக் கொடுக்க நூலகத்துக்குப் போனார். பக்கத்து அறையில் ஷம்ஷாத் என்ற இளம்பெண் சிலருக்குக் காகித மடிப்பு சொல்லிக்கொடுத்துக்கொண்டிருந்தாள். வாசலில் நின்று எட்டிப் பார்த்தவரை அவள் விடவில்லை.

“நிக்காதீங்கக்கா, உக்காருங்க” என்று ஒரு சதுரத் தாளைக் கையில் கொடுத்தாள்.

அரை மணி நேரத்தில் ஒரு முயல் வந்தது. ஒரு காது நிமிர்ந்திருந்தது. இன்னொன்று தொங்கியது. அதைப் பார்த்து எஸ்தர் கண்ணில் நீர் வரும்வரை சிரித்தார். வார்டில் அவர் சிரித்து யாரும் பார்த்ததில்லை.

“அடுத்த வாரமும் வரலாமா டீச்சர்?”

“வாங்கக்கா.”

வரவில்லை. மூன்று ஞாயிறுகள் போயின. நான்காம் ஞாயிறு கையில் ஒரு நீளத் தாளோடு வந்தார். உட்காரவில்லை.

“நான் நின்னுக்கிடுதேன் டீச்சர். சொல்லிட்டுப் போகத்தான் வந்தேன்.”

“ஏன்க்கா, பிடிக்கலையா?”

“பிடிச்சதுதான் பிரச்சினை. மருந்து அட்டை, பஸ் டிக்கெட்டு, எதைக் கண்டாலும் கை மடிக்கப் போகுது. எனக்குன்னு ஆசைப்பட்டது இது ஒண்ணுதான். அதுக்கு நேரம் எங்கிருந்து எடுக்க?”

தாளை நீட்டினார். தன் வாரம் முழுவதையும் கட்டம் போட்டு, நான்கு நிற மையில் எழுதியிருந்தார். ஒரு கட்டம்கூடக் காலியில்லை. டூட்டி மட்டும் ஆறு நாளும் ஒரே நேரம் என்பதால் அடியில் ஒற்றை வரியாக இருந்தது.

ஷம்ஷாத் நிதானமாகப் படித்தாள்.

“இதைப் போட எவ்வளவு நேரமாச்சு?”

“மூணு ஞாயிறு சாயங்காலம்.”

சொன்ன பிறகுதான் அது எஸ்தருக்கே உறைத்தது. நாற்காலியை இழுத்து மெல்ல உட்கார்ந்தார்.

“ஞாயித்துக்கிழமை நாலு மணிக்கு, நம்ம வகுப்பு நேரத்துல, தம்பி வீட்டுக்கு மாவு அரைக்கன்னு இருக்கே. அங்க யாருக்கும் அரைக்கத் தெரியாதா?”

“தெரியும். நான் அரைச்சா நைசா இருக்கும்.”

“அவங்க கேட்டாங்களா?”

“கேக்கல.”

ஷம்ஷாத் தாளின் ஒரு மூலையைக் குறுக்காக மடித்தாள். அடியில் ஒரு பட்டை மிஞ்சியது. அதை நகத்தால் அழுத்திக் கிழித்து எஸ்தரிடம் கொடுத்தாள். டூட்டி வரி அதில் இருந்தது.

“இது பத்திரம். நோயாளிங்க காத்திருப்பாங்க.”

மிச்சம் சரியான சதுரமாக இருந்தது. அதை அவர் முன்னால் வைத்தாள்.

“இன்னிக்கு மீன். நடுவுல மடிங்க.”

“ஐயோ, இதுலயா?”

“நல்ல கெட்டித் தாள்க்கா.”

எஸ்தர் தயங்கினார். பிறகு மடித்தார். திருப்பி மீண்டும் மடித்தார். செதில் போல நான்கு நிறங்களும் வெளியே தெரிந்தன. அவர் முகம் மலர்ந்தது. திடீரென்று கை நின்றது.

“டீச்சர், மாவு அரைக்கிறது உள்ள போகுதே!”

“போகட்டும்க்கா. வாலை இன்னும் கொஞ்சம் விரிச்சு மடிங்க.”