மாப்பிள்ளைக்கு ஒரு குளியல்

மாடியில் குடியிருந்த செண்பகத்தின் கீசர், போர் தண்ணீரின் உப்பு படிந்து எரிந்துபோனது. வீட்டுக்காரர் குஞ்சிதபாதம் அதை ஒப்புக்கொள்வாரா? கீழே அவர் வீட்டுக்கு மட்டும் கார்ப்பரேஷன் தண்ணீர்.

"என் போர் தண்ணி இளநீர் மாதிரிம்மா. கெடுத்தது நீ. புதுசு மாட்டு, இல்லன்னா தீபாவளிக்குள்ள வீட்டைக் காலி பண்ணு."

"மாட்டிடறேன் சார்," என்றாள் செண்பகம் பணிவாக. "தலைதீபாவளிக்கு உங்க மாப்பிள்ளை வர்றாராமே. எண்ணெய் தேய்ச்சுக்கிட்டு அவரே மேல வந்து முதல்ல குளிக்கட்டும்."

"போர் தண்ணியிலயா? மனுஷன் தலை சடை பிடிச்சுப் போயிடும்," என்று பதறினார் அவர்.

"ஒருநாள் குளியலுக்கே இந்தக் கதின்னா, தினமும் அதுலயே கொதிக்கிற கீசர் என்ன சார் செய்யும்?"

வாசலில் நின்ற அவர் மனைவி சிரித்துவிட்டாள்.

அந்த வாரமே தொட்டிக் குழாயில் உப்பை நீக்கும் கருவி ஏறியது. புது கீசரும் அவர் செலவில் வந்தது. பண்டிகை விடியலில், செண்பகத்தின் கையில் சோப்பு முதன்முறையாக மல்லிகைப் பந்தாய் நுரைத்தது.